முன்னால் என்றால் எந்தப் பக்கம்

களப்பணிக்குப் புதிதாக வந்திருப்பவர்களிடம் பேச வேண்டும் என்று அழைத்தபோது முதலில் நான் மறுத்தேன். முப்பது ஆண்டுகள் வீடு வீடாகப் போய்க் கேள்வி கேட்டவள் நான். பதில் சொல்லிப் பழக்கமில்லை. ஆனாலும் வந்துவிட்டேன். மாதிரி எடுப்பது, படிவம் நிரப்புவது, அனுமதி வாங்குவது எல்லாம் உங்களுக்குப் பயிற்சியில் சொல்லித் தந்திருப்பார்கள். அவற்றை விட்டுவிடுகிறேன். நான் சொல்லப்போவது ஒரே ஒரு விஷயம். அதிலும் எனக்கு இன்றுவரை முழுத் தெளிவு வரவில்லை. தெளிவோடு போகலாம் என்று வந்தவர்கள் மன்னிக்க வேண்டும்.

நாங்கள் அப்போது காலத்தைப் பற்றி ஆராய்ந்துகொண்டிருந்தோம். சமூக உளவியல்காரர்களுக்குக் காலம் என்றால் கடிகாரம் இல்லை. ஒருவர் காத்திருக்கும் பத்து நிமிடம் அவருக்கு எவ்வளவு நீளம், அவர் மனம் நேற்றில் குடியிருக்கிறதா நாளையில் குடியிருக்கிறதா, அதை அவர் இருக்கும் இடமும் சுற்றியிருக்கும் மனிதர்களும் எப்படி மாற்றுகிறார்கள் என்பதுதான் கேள்வி. என் முதல் வேலையே விழுப்புரம் பேருந்து நிலையத்தில் நிற்பவர்களிடம் "எவ்வளவு நேரமா நிக்கிறீங்க?" என்று கேட்பதுதான். திருவண்ணாமலை பஸ்ஸுக்கு நின்ற ஓர் அம்மாள், "ஒரு மணி நேரமா நின்னுக்கினு கீறேன்" என்றார். அவர் வந்து நின்றதை நானே பார்த்திருந்தேன். இருபது நிமிடம். அதே நேரத்தில் தோழிகளோடு வந்த கல்லூரிப் பெண், "இப்பதான் வந்தோம்" என்றாள். இருவருமே பொய் சொல்லவில்லை. அன்று அதில் எனக்கு ஒரு மயக்கம் வந்தது. அந்த மயக்கத்தில்தான் இந்த வேலையில் தங்கிவிட்டேன்.

இனி, நடந்ததற்கு வருகிறேன். ஏழெட்டு ஆண்டுகளுக்கு முன்பு, திண்டிவனத்தில் ஒரு மாடி அறையை வாடகைக்கு எடுத்து ஒரு பெரிய வேலையைத் தொடங்கினோம். களத்துக்குப் போக ஐந்து பேர். அவர்களுக்கு மேற்பார்வையாளர் நான். தினமும் விழுப்புரத்திலிருந்து பஸ்ஸில் வந்து போவேன். எனக்கு மேலே பேராசிரியர் ஒருவர், சென்னையில் இருந்தார். கிராமத்து மக்கள் கடந்த காலத்தை நினைத்து வாழ்கிறார்களா, வரப்போவதை நினைத்து வாழ்கிறார்களா என்று கண்டுபிடிக்க வேண்டும். ஒரு தொண்டு நிறுவனம் அந்தப் பகுதியில் இளைஞர்களுக்கு ஒரு பயிற்சி மையம் தொடங்க இருந்தது. கூட்டேரிப்பட்டுப் பக்கமா, வானூர்ப் பக்கமா என்று அவர்களுக்கு யோசனை. வருங்காலத்தைப் பற்றி அதிகம் நினைக்கிற பக்கம் வைக்கலாம் என்று சொல்லியிருந்தார்கள். அப்படி ஒரு விஷயத்தை எங்கள் படிவத்தை நம்பி முடிவு செய்யலாமா என்று நான் கேட்டிருக்க வேண்டும். கேட்கவில்லை. நம் படிவத்தை நம்புகிறார்களே என்று சந்தோஷப்பட்டேன்.

படிவம் ஆங்கிலத்தில் இருந்தது. தமிழாக்கியது நான். அதில் உயிர்நாடியான கேள்விக்கு இரண்டு கட்டங்கள். "என் மனம் பெரும்பாலும் முன்னால் இருப்பதையே நினைக்கிறது" என்று ஒன்று. "பின்னால் இருப்பதையே நினைக்கிறது" என்று இன்னொன்று. முன்னால் என்று டிக் செய்தால் வருங்காலம். பின்னால் என்றால் கடந்த காலம். ஆங்கிலத்தில் அப்படித்தான், வரப்போவது முகத்துக்கு எதிரே இருக்கிறது, போனது முதுகுக்குப் பின்னே கிடக்கிறது. எளிமையான தமிழில் எழுதிவிட்டேன் என்று எனக்குப் பெருமை. பேராசிரியரும் பாராட்டினார்.

ஐந்து பேரில் ஒருத்தி குமுதா. மயிலத்துக்கு அருகே ஒரு கிராமத்தில் சொந்த நிலத்தில் பயிர் செய்யும் குடும்பத்துப் பெண். இருபத்தைந்து வயது இருக்கும். அதிகம் பேசமாட்டாள். கூட்டேரிப்பட்டைச் சுற்றியுள்ள ஊர்கள் முழுவதும் அவள் பொறுப்பு. மற்ற நால்வரும் வானூர், மரக்காணம் பக்கம் போனார்கள்.

படிவங்கள் வந்து சேர்ந்ததும் ஒரு சனிக்கிழமை உட்கார்ந்து பிரித்தேன். மற்ற நால்வரின் கட்டுகளிலும் பெரும்பாலானவர்கள் "முன்னால்" என்று சொல்லியிருந்தார்கள். குமுதாவின் கட்டில் ஏறக்குறைய எல்லோரும் "பின்னால்". ஒரே மண், ஒரே மழை, ஒரே பயிர். இருபது கிலோமீட்டர் இடைவெளியில் மனிதர்களின் மனம் தலைகீழாகத் திரும்பிவிடுமா? அதுவும் எல்லாம் ஒரே மாதிரி பதில். இந்த வேலையில் அதற்கு ஓர் அர்த்தம்தான் உண்டு என்று நினைத்தேன். போகாமலேயே, எங்கோ உட்கார்ந்து, படிவத்தை நிரப்பிவிட்டாள்.

பேராசிரியருக்கு போன் செய்தேன். "திங்கட்கிழமை காலையில ரிப்போர்ட் போயாகணும். சந்தேகம் இருந்தா அந்தக் கட்டை எடுத்துடுங்க. உங்க முடிவுதான்" என்றார்.

குமுதாவை வரச்சொன்னேன். அவள் வந்தபோது மற்றவர்களும் அறையில் இருந்தார்கள். அவர்களை வெளியே போகச் சொல்லியிருக்கலாம். தோன்றவில்லை.

"இந்த ஊருக்கெல்லாம் நெஜமா போனியா?"

"போனேன் மேடம்."

"எல்லாரும் ஒரே பதிலா சொன்னாங்க?"

"அப்படித்தான் சொன்னாங்க."

"கேள்விய எழுதியிருக்கறபடி படிச்சியா?"

அவள் சற்றுத் தயங்கினாள். "மொதல்ல படிச்சேன் மேடம். புரியலன்னு சொன்னாங்க. அப்புறம் நம்ம பேச்சுல கேட்டேன்."

"படிவத்துல இருக்கறத மாத்தக் கூடாதுன்னு சொன்னேனா இல்லையா?"

"சொன்னீங்க."

"அப்ப இதுல எதைத்தான் நான் நம்பறது?"

அதற்கு அவள் பதில் சொல்லவில்லை. அந்த மௌனத்தை நான் ஒப்புதலாக எடுத்துக்கொண்டேன். நாளையிலிருந்து வர வேண்டாம் என்று சொன்னேன். கழுத்திலிருந்த அடையாள அட்டையைக் கழற்றி மேசையில் வைத்தாள். கயிறு மேசை விளிம்பில் தொங்கியது. அதை எடுத்து ஒழுங்காகச் சுற்றி, அட்டைமேல் வைத்துவிட்டுப் படியிறங்கினாள்.

ஒன்று எனக்கு உறைத்திருக்க வேண்டும். பொய்யாக நிரப்புகிறவள் தன் சொந்த ஊர்ப் பக்கத்துக்கு ஆகாத பதிலையா நிரப்புவாள்? பயிற்சி மையம் யாருக்குப் போகும் என்பது களத்துக்குப் போன ஐந்து பேருக்குமே தெரியும். இந்தக் கேள்வி அன்று எனக்கு வரவில்லை. அவள் கட்டைத் தனியே வைத்துவிட்டு, மீதியை வைத்து அறிக்கை எழுதினேன். வானூர், மரக்காணம் மக்கள் வருங்காலத்தை நோக்கி வாழ்பவர்கள். கூட்டேரிப்பட்டுப் பக்கம் நம்பத்தக்க தகவல் இல்லை. திங்கள் காலை அனுப்பினேன்.

அடுத்த வாரம் புதன்கிழமை வேலையை முடித்துவைக்க ஒரு கூட்டம் வைத்திருந்தேன். பேராசிரியருக்கு அன்று வர முடியவில்லை, வெள்ளிக்கிழமைதான் வசதி என்றார். குழுவின் வாட்ஸப்பில் அவசரமாக எழுதினேன்: "புதன்கிழமைக் கூட்டத்தை இரண்டு நாள் முன்னால் தள்ளி வைத்திருக்கிறேன்."

திங்கட்கிழமை காலை விழுப்புரத்தில் வீட்டில் இருந்தேன். போன் வந்தது. எங்கள் குழுவில் சுரேஷோடு மரக்காணம் பக்கம் போன பரிமளா பேசினாள்.

"மேடம், எங்க கீறீங்க? நானும் சுரேஷும் ஒம்போது மணிலேர்ந்து மாடிப்படில ஒக்காந்துக்கினு இருக்கோம். கதவு பூட்டியிருக்கு."

"இன்னிக்கு எதுக்கு வந்தீங்க? கூட்டம் வெள்ளிக்கிழமைதானே."

"நீங்கதானே மேடம் ரெண்டு நாள் முன்னாடின்னு போட்டீங்க. புதனுக்கு ரெண்டு நாள் முன்னாடின்னா திங்கதானே? நான் மரக்காணத்துலேர்ந்து காலைல ஜல்தியா கெளம்பி ஓடியாந்தேன்."

மற்ற இருவருக்கும் போன் செய்தேன். அவர்கள் தள்ளி வைத்தது என்றால் வெள்ளிக்கிழமை என்று எடுத்துக்கொண்டிருந்தார்கள். நான்கு பேர், ஒரே வாக்கியம். இருவருக்கு முன்னால் என்பது கடந்து போகிற பக்கம். இருவருக்கு வரப்போகிற பக்கம்.

போனை வைத்துவிட்டுச் சமையலறையில் நின்றேன். நானும் தமிழ்க்காரிதான். "முன்னாடியெல்லாம் இப்படி இல்ல" என்று ஆயிரம் முறை சொல்லியிருக்கிறேன். "பின்னாடி பாத்துக்கலாம்" என்றும் சொல்லியிருக்கிறேன். நம் பேச்சில் முன்னாடி என்றால் நடந்து முடிந்தது. பின்னாடி என்றால் இனி வரப்போவது. மாதக்கணக்கில் ஆங்கிலப் படிவத்தோடு கிடந்து, எனக்கே அது திரும்பிப்போயிருந்தது. அந்தக் கேள்வியை எழுதியபோது என் வீட்டில் நானே பேசுகிற பேச்சு எங்கே போயிருந்தது என்று எனக்கு இன்றும் தெரியவில்லை.

மறுநாள் வெறும் படிவம் ஒன்றை எடுத்துக்கொண்டு கூட்டேரிப்பட்டில் இறங்கி, அங்கிருந்து ஷேர் ஆட்டோவில் ஓர் ஊருக்குப் போனேன். குமுதாவின் கட்டில் முதல் படிவத்தில் இருந்த வீடு. வீட்டுக்காரருக்கு அறுபது வயது இருக்கும். நிலக்கடலை பிடுங்கிக் களத்தில் காயப்போட்டிருந்தார்; மல்லாட்டை என்பார்கள் அந்தப் பக்கம். அவர் மனைவி காய்களைத் தனியே பிரித்துக்கொண்டிருந்தார்.

"இங்க ஒரு பொண்ணு வந்து கேள்வி கேட்டாங்களா?" என்றேன்.

"வந்துச்சும்மா. மயிலத்துப் பக்கத்துப் பொண்ணு. மல்லாட்டை வேக வச்சுக் குடுத்தோம். துன்னுக்கினே எழுதிச்சு," என்றார் அந்த அம்மாள். "இன்னாம்மா, எதுனா பேஜாரா?"

இல்லை என்று சொல்லிவிட்டு, பெரியவரிடம் கேள்வியை எழுதியிருந்தபடியே படித்தேன். என் மனம் பெரும்பாலும் முன்னால் இருப்பதையே நினைக்கிறது.

அவர் யோசித்தார். "முன்னால இருக்கறதுன்னா, முன்னாடி நடந்ததுங்களா?"

எங்கள் விதிப்படி நான் விளக்கம் சொல்லக் கூடாது. "உங்களுக்கு எப்படித் தோணுதோ அப்படி" என்றேன்.

"அப்ப முன்னாலதான். முன்னாடி இந்தக் கெணத்துல கைய உட்டா தண்ணி. இப்ப போர் போட்டும் இல்ல. அதத்தான் எந்நேரமும் நெனச்சிக்கினு இருக்கறேன்."

முன்னால் என்ற கட்டத்தில் டிக் செய்தேன். எங்கள் அறிக்கையின் கணக்குப்படி இந்த மனிதர் வருங்காலத்தை நோக்கி வாழ்பவர்.

பிறகு, "அந்தப் பொண்ணு எப்படிக் கேட்டாங்க?" என்றேன்.

"போனதையே நெனச்சிக்கினு இருக்கீங்களா, இனிமேட்டுக்கு வர்றதயான்னு கேட்டுச்சு. போனதுதாம்மான்னு சொன்னேன்."

குமுதா படிவத்தின் கணக்குப்படி போனதற்குப் பின்னால் என்று டிக் செய்திருக்கிறாள். நாங்கள் எதைக் கேட்க நினைத்தோமோ அதைத்தான் அவள் கேட்டிருக்கிறாள். அவள் விதியை மீறினாள், பதில் சரியாக வந்தது. மற்றவர்கள் விதிப்படி படித்தார்கள், பதில் தலைகீழாக வந்துவிட்டது. அதுவும் எல்லோருக்கும் தலைகீழா? வெள்ளிக்கிழமை என்று புரிந்துகொண்ட இருவரைப் போல, முன்னால் என்றால் வருங்காலம் என்று எடுத்துக்கொண்டவர்களும் இருப்பார்களே. யார் எப்படி எடுத்துக்கொண்டார்கள் என்று காகிதத்தைப் பார்த்துச் சொல்ல வழியே இல்லை.

இதோடு நின்றிருந்தாலாவது எனக்கு ஒரு தெளிவு கிடைத்திருக்கும். அந்த அம்மாள் தலை நிமிராமலேயே சொன்னார்: "இவரு சொல்றத எழுதாதம்மா. தெனம் காலைல எழுந்தா மானத்தப் பாத்துக்கினு மழ வருமா மழ வருமான்னு நிக்கிறவரு. இவரா போனத நெனைக்கிறாரு?"

பெரியவர் அமைதியாகச் சொன்னார். "மழ வருமான்னு பாக்கறது நாளைக்கா? அது இன்னிக்கிடி."

மனைவி என்னைப் பார்த்தார், நான் ஏதோ தீர்ப்பு சொல்வேன் என்பதுபோல. கையில் பேனாவோடு நின்றேன். இன்றைக்கு என்று ஒரு கட்டமே அந்தப் படிவத்தில் இல்லை.

அன்று இன்னும் இரண்டு வீடுகளுக்குப் போனேன். இரண்டிலும் குமுதா வந்ததாகச் சொன்னார்கள். ஒரு வீட்டில் அவள் மறந்து விட்டுப்போன குடையை எடுத்துக் கொடுத்தார்கள்.

கூட்டேரிப்பட்டில் சாலை ஓரம் நின்று பேராசிரியருக்கு போன் செய்தேன். லாரிச் சத்தத்தில் எல்லாவற்றையும் இரண்டு முறை சொல்ல வேண்டியிருந்தது. அறிக்கை போய் ஒரு வாரம் ஆகியிருந்தது. திரும்பப் பெற்றால் பல மாத உழைப்பு வீண். என் மொழிபெயர்ப்பு என்று என் பெயர் அதில் இருந்தது. அவர் பெயரும் இருந்தது.

"நீங்க என்ன நினைக்கிறீங்க?" என்றார்.

"தெரியல சார். எது சரின்னு தெரியல. ஆனா நாம எழுதினது தப்புன்னு மட்டும் தெரியுது."

"அதை மட்டும் எழுதுங்க. தெரிஞ்சதை மட்டும். நான் கையெழுத்துப் போடறேன்."

இந்த வேலையில் எனக்குக் கிடைத்த ஒரே வழிகாட்டல் அதுதான் என்று சொல்வேன். அவருக்கும் விடை தெரியாது என்பது அவர் குரலில் தெரிந்தது. அது எனக்குப் பெரிய துணையாக இருந்தது. அந்தக் கேள்வி பயனற்றது, குற்றம் எங்களுடையது என்று கடிதம் எழுதி அனுப்பினோம். தொண்டு நிறுவனத்தார் கோபப்படவில்லை. ஒரு வரியில் நன்றி சொல்லிவிட்டு, பயிற்சி மையத்தை வேறு மாவட்டத்துக்குக் கொண்டுபோய்விட்டார்கள். கூட்டேரிப்பட்டுக்கும் இல்லை, வானூருக்கும் இல்லை. நான் வாயை மூடிக்கொண்டிருந்தால் வானூர்ப் பிள்ளைகளுக்காவது கிடைத்திருக்கும். இதைச் சொல்லும்போது என்ன முகபாவம் வைத்துக்கொள்வது என்றுகூட எனக்குத் தெரியவில்லை.

கடிதம் போன அடுத்த நாள் குமுதாவைத் தேடிப்போனேன். திண்டிவனத்தில் ஒரு ஜெராக்ஸ் கடையில் வேலைக்குச் சேர்ந்திருந்தாள். குடையையும் அவளுடைய படிவக் கட்டையும் எடுத்துப் போயிருந்தேன். மதிய நேரம், கடையில் கூட்டமில்லை. நடந்ததைச் சொன்னேன். எல்லோர் எதிரிலும் கேட்டதற்கு மன்னிப்புக் கேட்டேன். நீ செய்ததுதான் சரி என்றும் சொன்னேன்.

குடையை வாங்கி மேசைக்கடியில் வைத்தாள். சந்தோஷப்படுவாள் என்று நினைத்தேன். அவள் முகம் இன்னும் இறுகியது.

"மேடம், ஒண்ணு சொல்லணும். அதுல ரெண்டு ஃபார்ம் நானே போட்டது."

எனக்குப் புரியவில்லை. "நானே போட்டதுன்னா?"

"கடைசி நாளு மழ. ரெண்டு வீடு பூட்டியிருந்திச்சு. இன்னொரு வாட்டி வர முடியாதுன்னு பஸ் ஸ்டாப்புல நின்னுக்கினே போட்டுட்டேன். நீங்க கேட்டப்ப அதுதான் தெரிஞ்சிடுச்சின்னு நெனச்சேன். அதான் பேசாம போயிட்டேன்."

கட்டைப் பிரித்து மேசைமேல் வைத்தேன். "எந்த ரெண்டு?"

"பேரு நெனவு இல்ல மேடம். பாத்தா தெரியும்."

ஒவ்வொன்றாகப் புரட்டினாள். ஒன்றை எடுத்துத் தனியே வைத்தாள். மீண்டும் பார்த்துவிட்டு, "இல்ல, இவங்க வீட்டுல மாடு முட்ட வந்திச்சு. போனேன்," என்று கட்டில் சேர்த்தாள். இன்னொன்றை எடுத்தாள். எழுத்தை உற்றுப் பார்த்தாள். எல்லாம் அவள் கையெழுத்துதான், எல்லாம் ஒரே நீல மைதான். கட்டு முழுவதும் இரண்டு முறை புரட்டினாள். பிறகு என்னைப் பார்த்தாள். முதல்முறையாக அவள் கண்ணில் பயம் தெரிந்தது.

"எனக்கே தெரியல மேடம்."

யாரோ ஆதார் அட்டையை நகல் எடுக்க வந்தார்கள். அவள் எழுந்து போனாள். நான் உட்கார்ந்திருந்தேன். நான் அவளை அனுப்பியது அவள் பொய் எழுதினாள் என்று. அவள் பொய் எழுதியிருந்தாள். ஆனால் நான் பொய் என்று நினைத்ததெல்லாம் உண்மை. உண்மையான பொய்யை நான் பார்க்கவே இல்லை. அப்படியானால் நான் கேட்ட மன்னிப்பு சரியா, தவறா? திரும்ப வாங்கிக்கொள்ளவா முடியும்? திரும்ப வாங்கிக்கொள்ள மனமும் இல்லை.

அவள் வந்து உட்கார்ந்ததும், "வீடு பூட்டியிருந்துச்சுன்னு எழுதியிருக்கலாமே" என்றேன்.

"எங்க எழுதறது மேடம்? ஃபார்ம்ல அதுக்கு எடம் இல்லியே. கொறஞ்சா கேப்பீங்க."

உண்மைதான். கேட்டிருப்பேன்.

மறுபடி வேலைக்கு வருகிறாயா என்று கேட்டேன். இரண்டு நாள் கழித்துச் சொல்வதாகச் சொன்னாள். மூன்றாம் நாள் காலை திண்டிவனம் மாடியில் வந்து நின்றாள். யாரும் எதுவும் கேட்கவில்லை. நான் ஓய்வு பெறும்வரை என்னோடு வேலை செய்தாள். அதன் பிறகு அவள் பொய்யாக எதையாவது நிரப்பினாளா என்று எனக்குத் தெரியாது. இல்லை என்றுதான் நம்புகிறேன். நம்புவதும் தெரிவதும் வேறு என்பது உங்களுக்குச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை.

உங்கள் கையில் இப்போது இருக்கும் படிவத்தில் கடைசியில் இரண்டு சிறிய கட்டங்கள் உண்டு. "வீடு பூட்டியிருந்தது" என்பது ஒன்று. "கேள்வியை என் பேச்சில் கேட்டேன்" என்பது இன்னொன்று. அவை எதற்கு என்று சிலர் கேட்டீர்களாம். வெட்கப்படாமல் டிக் செய்யுங்கள். டிக் செய்தவரை யாராவது திட்டினால், என்னிடம் அனுப்புங்கள்.

கேள்வியை எழுதுகிறவர்களுக்கு ஒன்று. எழுதி முடித்ததும் உங்கள் வீட்டில் சத்தமாகப் படித்துப் பாருங்கள். படித்துக்காட்ட யாரும் இல்லையென்றால் பஸ்ஸில் பக்கத்தில் உட்கார்ந்திருப்பவரிடம் கேளுங்கள். அவர் சிரித்தால் அந்தக் கேள்வியைக் கிழித்துவிடுங்கள். இவ்வளவுதான் எனக்கு உறுதியாகத் தெரியும்.

குமுதாவின் கட்டு இன்னும் என் வீட்டு அலமாரியில் இருக்கிறது. விதிப்படி அதை அழித்திருக்க வேண்டும். பெயர்களையும் ஊர்களையும் மட்டும் கறுப்பு மையால் அடித்துவிட்டு வைத்துக்கொண்டேன். சில மதியங்களில் எடுத்துப் புரட்டுகிறேன். இந்த இரண்டும்தான் பஸ் ஸ்டாப்பில் எழுதியவை என்று முடிவு செய்து தனியே வைப்பேன். இரண்டு வாரம் கழித்துப் பார்த்தால் அவைதான் இருப்பதிலேயே உண்மையானவையாகத் தெரிகின்றன. அவற்றைத் திரும்பச் சேர்த்துவிட்டு வேறு இரண்டை எடுக்கிறேன்.